ஒரு சாண் ஆகாயம்

பி.காம். படித்தவனிடம் ஊர் என்ன எதிர்பார்க்கும்? வட்டிக் கணக்கு, ஜி.எஸ்.டி. நோட்டீஸுக்குப் பதில், கல்யாண மொய் நோட்டைக் கூட்டித் தருவது... அவ்வளவுதான். எலவனாசூர்கோட்டையில் எனக்கு அதற்கு மேலும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. ஆகாயத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிற வேலை.

அக்கா மகள் ஒன்பதாவது. சமூக அறிவியல் புத்தகத்தில் 'வளிமண்டலம்' என்று ஒரு பாடம். அதை அவள் மனப்பாடம் செய்த லட்சணத்தைக் கேட்டால், சேலம் பஸ் கண்டக்டர் தோற்றார். "உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர்" என்கிற அதே ராகத்தில், "கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு!" கடைசி ஸ்டாப்பிங்கில் இறங்கி மூச்சு வாங்கினாள்.

"சரி, மீள் அடுக்குன்னா என்ன?"

"கீழடுக்குக்கு அடுத்தது மாமா."

"அங்கே என்ன இருக்கு?"

"அதான் சொன்னேனே, இடையடுக்கு."

எனக்குச் சுறுசுறு என்றது. கண்டக்டராவது அந்த ஊர்களைக் கண்ணால் பார்த்தவர்.

மறுநாள் சாயந்திரமே மொட்டைமாடியில் வகுப்பு ஆரம்பமாயிற்று. அக்கா மகள் தன் சிநேகிதிகள் மூன்று பேரைக் கூட்டி வந்தாள். தெருவில் இரண்டு பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருவன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். கரும்பு வெட்ட வந்து இங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா வீட்டில் இருந்து படிக்கிறான். யார் என்ன கேட்டாலும் சிரிப்பான், வாயைத் திறக்க மாட்டான். 'அவன் மக்கு சார், இந்த வருஷத்தோட அவங்கப்பா வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவார்' என்று முதல் நாளே எனக்குத் தகவல் வந்துவிட்டது. தகவல் சொன்னவனுக்கும் வயது பதினாலுதான்.

முதலில் காற்றில் என்னென்ன இருக்கிறது என்று தொடங்கினேன். இதில் எனக்குச் சிரமமே இல்லை. இது சுத்தமான பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட். நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21, ஆர்கான் 0.93. மீதிச் சில்லறையில் கார்பன் டை ஆக்ஸைடும் மற்றவர்களும். நைட்ரஜன் ஸ்லீப்பிங் பார்ட்னர். முக்கால் பங்குக்கு மேல் முதல் போட்டுவிட்டு, நம் மூச்சுக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிடுகிறவர். அடுப்பு எரிவது, இரும்பு துருப்பிடிப்பது, நாம் பிழைத்திருப்பது எல்லாம் ஆக்சிஜன் என்கிற வொர்க்கிங் பார்ட்னரின் வேலை.

"அப்போ நைட்ரஜன் வேஸ்ட்டா மாமா?"

வேஸ்ட் இல்லை. பக்கத்து ஊர் பெயரிலேயே பதில் இருக்கிறது. உளுந்துச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. நிலக்கடலையிலும் அப்படித்தான். மறுநாள் ஒரு பெண் ஒரு உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். யார் வயல் என்று நான் கேட்கவில்லை.

ஆர்கான் வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. கணக்குப்பிள்ளைகள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட வேண்டிய கதை. இங்கிலாந்தில் ராலே பிரபு என்று ஒருவர் நைட்ரஜனை எடை போட்டுக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் ஓர் எடை, அமோனியா போன்ற ரசாயனங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் வேறோர் எடை. வித்தியாசம் எவ்வளவு? ஏறக்குறைய அரை சதவீதம்! நம் ஆபீஸாக இருந்தால் டிரையல் பேலன்ஸ் உதைக்கும்போது என்ன செய்வோம்? 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு வரி எழுதி, சாப்பிடப் போய்விடுவோம். அந்த மனுஷன் போகவில்லை. திரும்பத் திரும்ப எடை போட்டார். ராம்சே என்கிற ரசாயனக்காரரும் சேர்ந்துகொண்டார். 1894-ல், காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு யாருக்குமே தெரியாமல் ஒருத்தர் ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று கண்டுபிடித்து அறிவித்தார்கள். எதோடும் சேராத சோம்பேறி வாயு என்பதால் கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்றே பெயர் வைத்தார்கள். அதுதான் ஆர்கான். 1904-ல் இருவருக்கும் நோபல் பரிசு. ராலேவுக்கு இயற்பியலில், ராம்சேக்கு வேதியியலில். அரை சதவீத வித்தியாசத்துக்கு இரண்டு நோபல்! எந்த ஆடிட்டருக்குக் கிடைக்கும்?

கார்பன் டை ஆக்ஸைடு கணக்கில் மட்டும் ஓப்பனிங் பேலன்ஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. நான் படித்தபோது 0.03 என்று எழுதினால் மார்க். ஹவாய்த் தீவில் ஒரு மலையில் 1958-லிருந்து அளந்து வருகிறார்கள். அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அதாவது 0.04-க்கு மேல். இந்தச் சில்லறைதான் பூமிக்குப் போர்வை போர்த்துகிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் அடுக்குகள். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

'உயரே செல்லச் செல்ல ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் வெப்பநிலை குறையும்' என்று புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். ஆறு பேரும் எழுதிக்கொண்டார்கள். அக்கா மகள் மட்டும் பேனாவை மூடவில்லை.

"மேல போனா சூரியனுக்குக் கிட்டத்தானே போறோம்? சூடுதானே ஏறணும்? ஏன் மாமா குளிருது?"

ஸ்கூலில் கேட்டிருக்கிறாள். 'அது பரீட்சைக்கு வராது, உட்கார்' என்று பதில் கிடைத்ததாம். அறுபது பிள்ளைகளையும் முடிக்க வேண்டிய சிலபஸையும் வைத்துக்கொண்டு தவிக்கிற ஆசிரியரை நான் திட்டத் தயாராக இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி எத்தனை அழகான கேள்வி! வராது என்று சொல்லிவிட்டால் அது எங்கே போய் உட்காரும்?

கிட்டே போகிற கணக்கை முதலில் பார்த்தோம். சூரியன் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நாம் ஒரு கிலோமீட்டர் மேலே ஏறுவது, 15 கோடி ரூபாய் கடன் வாங்கியவன் பேங்க்குக்குப் போய் ஒரு ரூபாய் கட்டுவது மாதிரி. மேனேஜர் எழுந்து நின்று கைகுலுக்குவாரா? எல்லோரும் சிரித்தார்கள். மலைக்காரப் பையனும் சிரித்தான். அவன் எப்போதும் சிரிப்பவன் என்பதால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சூரியன் பெரும்பாலும் தரையைத்தான் சுட வைக்கிறது, தரை காற்றைச் சுட வைக்கிறது. அடுப்பு கீழே இருக்கிறது! சூடான காற்று மேலே எழும்பும்போது அங்கே அழுத்தம் குறைவு. அதனால் காற்று விரியும். விரிந்தால் குளிரும். இதற்கு சைக்கிள் ட்யூபின் வால்வைத் திறந்து, சீறி வருகிற காற்றில் விரலைக் காட்டச் சொன்னேன். சில்லென்றது. பம்ப் அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதையும் தொட்டுப் பார்த்தார்கள். அமுக்கினால் சூடு, விட்டால் குளிர்.

"மேலே போனால் காற்று விரியும்னு சொன்னா நம்பறீங்களா?" என்று கேட்டேன்.

முதல் தடவையாக மலைக்காரன் வாயைத் திறந்தான்.

"ஆமா சார். கீழ கடையில வாங்கின சிப்ஸ் பாக்கெட்டு, பஸ் எங்க ஊரு ஏறினதும் பலூன் மாதிரி உப்பிக்கும். எங்க தங்கச்சி அத டப்புனு அடிச்சுத்தான் பிரிப்பா. எறங்கும்போது காது அடைச்சுக்கும்."

மாடியில் அமைதி. மற்ற ஐந்து பேரில் ஒருத்தர்கூட கல்வராயன் மலை ஏறினதில்லை. கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் மலை, இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரம். மேகம் நீர்வீழ்ச்சி என்று பேரிலேயே மேகத்தை வைத்திருக்கிற அருவி அங்கே இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் டூர் என்றால் ஏற்காடுதான் போவார்கள்.

"இன்னும் சொல்லுப்பா" என்றேன்.

"மார்கழியில காலையில எந்திரிச்சுப் பாத்தா, மேகம் எங்களுக்குக் கீழ கெடக்கும் சார்."

பரீட்சையில் ஐந்து மார்க் கேள்விக்குத் தேவையான முதல் அடுக்கு முழுவதையும் அவன் தினம் பஸ்ஸில் ஏறி இறங்கியிருக்கிறான். அதற்குப் பெயர் கீழடுக்கு என்று மட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் மக்கு.

அன்றைக்கு அவர்களுக்கு கிளெய்ஷர் கதையைச் சொன்னேன். 1862 செப்டம்பர் 5. கிளெய்ஷர், காக்ஸ்வெல் என்று இரண்டு இங்கிலீஷ்காரர்கள் வெப்பமானி, காற்றழுத்தமானி, கூடவே ஆறு புறாக்கள் சகிதம் பலூன் கூடையில் ஏறினார்கள். எட்டரை கிலோமீட்டருக்கும் மேலே போய்விட்டார்கள். எவரெஸ்ட் உயரம்! ஆக்சிஜன் போதாமல் கிளெய்ஷர் மயங்கி விழுந்துவிட்டார். வாயுவை வெளியேற்றினால்தான் பலூன் இறங்கும். அந்தக் கயிற்றை இழுக்க காக்ஸ்வெல்லின் கைகள் வேலை செய்யவில்லை, விறைத்துப் போய்விட்டன. பல்லால் கயிற்றைக் கடித்து இழுத்தார். இறங்கினார்கள். "புறா?" என்று ஆறு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். மனிதர்கள் பிழைத்ததைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. (எல்லாம் பிழைக்கவில்லை என்பதை மெதுவாகச் சொன்னேன்.)

அடுத்த ஆளும் முக்கியம். பிரான்ஸில் தெஸ்ரான் த போர் என்பவர், ஆள் இல்லாத பலூன்களில் வெப்பமானியைக் கட்டி அனுப்பினார். உயரே போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போயிற்று. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் திடீரென்று குளிர்வது நின்றுவிட்டது! கருவியில் வெயில் பட்டுப் பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ராத்திரியில் பலூன் விட்டுப் பார்த்தார். அப்போதும் அதே கதை. இருநூற்றுக்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகுதான், 1902-ல், மேலே வேறோர் அடுக்கு இருக்கிறது என்று வெளியே சொன்னார். ராலேயின் சித்தப்பா பையன் என்று நினைக்கத் தோன்றும் குணம். இன்றைக்கும் மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் வானிலைக்காரர்கள் பலூன் விடுகிறார்கள். காலை ஐந்தரை, மாலை ஐந்தரை என்று உலகம் முழுவதும் ஒரே நேரக் கணக்கு. முப்பது கிலோமீட்டர் உயரம் வரை போய் வெடித்து விழும்.

அந்த அடுக்குதான் மீள் அடுக்கு. அங்கே உயரம் கூடக் கூட வெப்பம் கூடும். காரணம் ஓசோன். சூரியனின் புற ஊதாக் கதிரை விழுங்கிச் சூடாகிறது. அத்தனை ஓசோனையும் திரட்டித் தரைமட்ட அழுத்தத்தில் பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் கனம்தான் வரும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டினேன். ஏழெட்டு நூறு கோடி ஜனங்களுக்கு இந்த இரண்டு ரூபாய்தான் குடை.

எல்லாம் சரி, எழுதிக்கொண்டார்கள். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கூரை இருக்கிறது என்பது அவர்களுக்கு இன்னும் 'வெளியடுக்கு' மாதிரி ஒரு வார்த்தைதான். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே.

செப்டம்பர் மாதம். அந்த மாதத்தில் சாயந்திரமானால் மலைப்பக்கம் இடி மழை கட்டும். ஒருநாள் நாலரை மணி இருக்கும். மேற்கே வெயிலை மறைத்துக்கொண்டு ஒரு மேகம் கிளம்பிற்று. காலிஃபிளவர் மேல் காலிஃபிளவராக வளர்ந்துகொண்டே போனது. பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்தில் அதன் தலை மட்டும் வளர்வதை நிறுத்திக்கொண்டு, பக்கவாட்டில் பரவ ஆரம்பித்தது. கொல்லன் பட்டடை மாதிரி தட்டை. விளிம்பில் வெயில் பட்டுத் தங்கமாக மின்னியது.

மலைக்காரப் பையன் சொன்னான்:

"சார், அது எதுலயோ முட்டிக்கிட்டு நிக்குது."

சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மேலே எழும்புகிற காற்று, சுற்றியிருக்கும் காற்றைவிடச் சூடாக இருக்கிற வரைதான் ஏறும். மீள் அடுக்கில் சுற்றியிருப்பது இதைவிடச் சூடு. ஏற முடியாது. வழி இல்லாமல் பக்கத்தில் பரவுகிறது, சமையலறைக் கூரையில் முட்டிய புகை மாதிரி. தெஸ்ரான் த போர் இருநூறு பலூன் விட்டுத் தெரிந்துகொண்ட கூரை, எலவனாசூர்கோட்டை மாடியில் ஓசியில் தெரிந்தது.

"எவ்ளோ ஒசரம் மாமா இருக்கும்?"

அளந்துவிடலாம் என்றேன். கையை நீட்டிச் சாண் பிடித்துப் பார்த்தால், அடிவானத்திலிருந்து மேகத்தின் தட்டைத் தலை வரை சரியாக ஒரு சாண். அக்கா மகளின் கண்ணிலிருந்து நீட்டிய கை வரை டேப்பால் அளந்தோம், 56 சென்டிமீட்டர். சாண் 20 சென்டிமீட்டர். இனி தூரம் தெரிந்தால் போதும். மூன்று எண் கொடுத்தால் நாலாவது எண் கண்டுபிடிக்கிற வேலை, அது என் டிபார்ட்மென்ட்.

ஆனால் மழை எங்கே பெய்கிறது? இடிச்சத்தம் இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. மலைக்காரன் என் செல்போனை வாங்கி அவன் அப்பாவுக்கு அடித்தான். ஸ்பீக்கரில் போட்டான். தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவது போலச் சத்தம்.

"யப்பா, மழையா?"

"ஊத்து ஊத்துனு ஊத்துதுடா. ஏன்டா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? யாரு போனு இது?"

"டியூசன் சாரு போனு. நம்ம மழை இங்கேருந்து தெரியுதுப்பா. ஒரு சாண் இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் என்ன நினைத்தாரோ.

மேப்பில் பார்த்தால் இங்கிருந்து அந்த மலைக்கு நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். 56-க்கு 20 என்றால் 45-க்கு? பதினாறு கிலோமீட்டர்! தூரத்தில் ஐந்து கிலோமீட்டர் முன்னே பின்னே இருந்தால் விடையில் இரண்டு கிலோமீட்டர் உதைக்கும். உதைக்கட்டும். கீழடுக்கின் உயரம் துருவத்தில் எட்டு, பூமத்திய ரேகையில் பதினெட்டு என்று புத்தகம் சொல்கிறது. நாம் ரேகைக்குப் பக்கம். ஆறு பேரும் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைத் தேடிப் படித்தார்கள். பாடப்புத்தகத்தைச் சரிபார்க்கப் புரட்டுகிற பிள்ளைகளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இடையடுக்கு, வெப்ப அடுக்கு எல்லாம் இரண்டு நாளில் முடிந்தன. எரிநட்சத்திரம் எரிவது பெரும்பாலும் இடையடுக்கில், சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது நானூறு கிலோமீட்டர் உயரத்தில், வெப்ப அடுக்கில். ராத்திரியானால் தூரத்து ரேடியோ ஸ்டேஷன்கள் தெளிவாகக் கேட்பதற்கும் மேலேயுள்ள மின்னூட்டத் துகள்கள்தான் காரணம் என்று சொல்லி, என் அப்பா இலங்கை வானொலி கேட்ட கதையை ஆரம்பித்தேன். யாரும் ரசிக்கவில்லை.

காலாண்டுப் பரீட்சையில் 'வளிமண்டல அடுக்குகளை விவரி' வந்தது. அக்கா மகளுக்கு ஐந்துக்கு ஐந்து. மலைக்காரனுக்கு இரண்டு. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். இடையடுக்கையும் வெப்ப அடுக்கையும் இடம் மாற்றி எழுதியிருந்தான். ஆனால் ஒரு முழுப் பக்கத்துக்குப் படம். மலை, மலைமேல் வீடு, வீட்டின் மேல் மேகம், மேகத்தின் தலையில் ஒரு நீளக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் '16 கி.மீ. (அளந்தது)' என்று எழுதியிருந்தான். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு.

தீபாவளிக்கு அவன் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். ஒரு பை நிறைய சாமை அரிசி கொண்டு வந்திருந்தார். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு மார்க்குதான் வாங்கியிருக்கான். அடுத்த வருசம் வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன் சார். படிப்பு ஏறலைங்கறாங்க" என்றார்.

"அண்ணே, அந்தப் படத்துல இருக்கறது யார் வீடு?"

உற்றுப் பார்த்தார். "நம்ம வீடுதான். தகரம் போட்டிருக்கானே."

"அதுக்கு மேலே இருக்கிற கோட்டை வெள்ளைக்காரன் இருநூறு பலூன் விட்டுக் கண்டுபிடிச்சான். உங்க பையன் கையால அளந்தான். அன்னிக்கு போன் பண்ணினானே, அதுக்குத்தான்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒரு குடும்பத்தின் வரவு செலவு அடுத்தவன் கூட்டிக் கழிக்கிற விஷயம் இல்லை. போகும்போது மட்டும், "பத்தாவது பரீட்சைக்கு எவ்ளோ பீஸ் சார் ஆகும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொங்கல் லீவில் காலை ஆறேகால் மணிக்கு என் செல்போன் அடித்தது. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மலைக்காரப் பையன்.

"சார், எந்திரிச்சுட்டீங்களா? கீழ முழுக்க வெள்ளையா மூடியிருக்கு சார், கடல் மாதிரி. அதுமேல எவனோ எரிச்ச பொக மேல போகாம தட்டையா படுத்துக் கெடக்கு. இங்கயும் முட்டிக்கிச்சு போல."

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எதிர்வீடுகூடத் தெரியாத பனி. அவன் பார்க்கிற கடலின் அடியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். தரை ராத்திரியில் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும், அதற்கு மேலேயிருக்கும் காற்று சூடாக இருக்கும், மீள் அடுக்கின் குட்டித் தம்பி மாதிரி என்று சொன்னேன். வெயில் ஏறியதும் கலைந்துவிடும்.

"சரி சார். இது எவ்ளோ கனம் இருக்கும்? சாண் போடலாம்னா நான் கீழ பாத்துல்ல போடணும்?"

கையை எங்கே நீட்டுவது, எதிலிருந்து எதுவரை அளப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

"லைன்ல இருக்கீங்களா சார்? வெயில் வந்துரும், சீக்கிரம் சொல்லுங்க" என்றான்.